என் வண்டிமேல் இருந்த கல்

ஹத்து எனக்குத் தரவேண்டியிருந்தது இருபதாயிரம் திர்ஹம். வானத்திலிருந்து விழுந்த ஒரு கல்லை விற்ற பணத்தில் என் பாதி.

தேடப் போகும்போது டீசலும் தண்ணீரும் போடுகிறவனுக்குப் பாதி, கல் யார் கையில் சிக்கினாலும் சரி. எங்கள் எர்ஃபூத் பாலைவனத்தில் கல் தேடுகிற எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். நான் பள்ளியில் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்ததோடு சரி. ஆடு மேய்த்தேன். இன்று எனக்கு மூன்று கடை, ஒரு பிக்கப். எல்லாம் நானே சம்பாதித்தது.

ஹத்து என் மனைவியின் தம்பி. லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன். பருந்துக் கண். கருங்கல் பரப்பில் ஒரு கல் மட்டும் வேறு கறுப்பாக இருந்தால் நடந்தபடியே குனிந்து எடுத்துவிடுவான். அவனைப்போல் ஆள் கிடையாது என்று நானே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

அந்த நோன்பு மாதத்தில், நோன்பு திறந்து ஹரீரா சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தபோது வானத்தில் தீக்கோளம் ஓடியது. பெருநாள் வரை தேடினோம். கடைசியில் அவன்தான், "அல்லா நமக்கு எழுதல அத்தான், விடுங்க" என்றான்.

கோடையில், யாருக்கோ கிடைத்து விலைபோன அந்தக் கல்லை ஆராய்கிற டாக்டரம்மா ஒருவர் காசாபிளாங்காவிலிருந்து வந்தார். தீ தொடங்கிய இடமும் அணைந்த இடமும் தெரிந்தால், அந்தக் கல் முன்பு சூரியனை எந்தப் பாதையில் சுற்றியது என்று கணக்குப் போடலாமாம். சூப் குடித்த இடத்திலேயே நின்று இரண்டு மலைகளைக் காட்டினேன். கணக்குப் போட்டவர் தலையை ஆட்டினார்.

"கல்லை நாப்பதாயிரத்துக்கு வித்தவர் அல்ஜீரியா எல்லைப் பக்கம் எடுத்ததாச் சொல்லியிருக்கார். நீங்க காட்டுறதோட ஒட்டவே இல்ல ஹாஜி. இப்படி ஒரு பாதைல எந்தக் கல்லும் சுத்தாது. வயசாகுது, மறந்திருப்பீங்க."

மறந்திருப்பேனாம். பாலைவனத்தில் நான் வழி தவறியதே இல்லை. அப்போது அவர் கல்லின் போட்டோவைக் காட்டினார். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு லைட்டர். அடியில் பச்சை பானட், ஒட்டகம் உதைத்த பள்ளத்தோடு. என் பிக்கப்.

நேரே ஹத்து வீட்டுக்குப் போனேன். டீக்குச் சர்க்கரைக் கட்டியைச் சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தான்.

"கல்லு எங்க கெடச்சது?"

"எந்தக் கல்லு அத்தான்?"

"என் வண்டிமேல ஒக்காந்து போட்டோ எடுத்துக்கிட்டுதே, அது."

சுத்தியல் நின்றது.

"நீங்க தண்ணி எடுக்கப் போயிருந்தீங்க."

"முழுசா வேணும்னு கேட்டிருந்தாக்கூடக் குடுத்திருப்பேனேடா."

"கேட்டுக் கேட்டு வாங்கித்தான் என் காலமே போச்சு. கல்யாணம் நான் பண்ணி வெச்சேன், கூரை நான் போட்டேன்னு சந்தையில நின்னு சொல்வீங்க."

"செஞ்சதைத்தானே சொன்னேன்."

"ஆமா. செஞ்சதைத்தான்."

என் போனை அவன் முன்னால் வைத்தேன். "மொதல்ல அந்தம்மாவுக்கு நெஜமான எடத்தைச் சொல்லு. என் கண்ணையே பொய்யாக்கிட்ட."

போனில் சொன்னான்: உப்புக் கிணற்றுக்குத் தெற்கே, வறண்ட ஆற்றுப் படுகை. கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மாவே திரும்பக் கூப்பிட்டார்.

"பாதை சரியா வந்துடுச்சு ஹாஜி. ஒன்றரை வருஷத்துக்கு ஒரு சுத்து. ஒவ்வொரு சுத்துலயும் நம்ம பூமி போற வழியைத் தாண்டிப் போயிருக்கு. நீங்க காட்டினதுதான் சரி."

நான் ஹத்துவைப் பார்த்தேன். அவன் எழுந்து உள்ளே போய் ஒரு துணிப்பையோடு வந்தான். என் எதிரில் குந்தி, நோட்டுகளைப் பிரித்துப் பிரித்து என் உள்ளங்கையில் எண்ணி வைத்தான். இருபதாயிரம். ஒன்றுகூடக் குறையவில்லை.