சரிவோடு உழுத காடு

அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஓவியக் கண்காட்சி தொடங்கிய அன்று, கம்ப்யூட்டரில் நான் வரைந்த கரிசல் காடு ஒரு பெரிய டிவி திரையில் தெரிந்தது. வரைந்தவள் என்று காட்டிக்கொள்ளாமல் ஓரமாக நின்று, பார்க்கிறவர்கள் பேசுவதை வரிசை எண் போட்டு போனில் குறித்தேன்.

ஒன்று: "டிவி நல்லா பெருசா இருக்குல்ல." இரண்டு: "ஏலே, இதெல்லாம் கம்ப்யூட்டரே போட்டுரும்." அடுத்து வந்த நான்கு பேரும் அதையேதான் சொன்னார்கள். நான்கு மாதம் ஒவ்வொரு கோடாக நான் போட்ட படம் அது. இதில் என்னுடையது என்று ஏதாவது இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அப்போது பரளச்சி கிராமத்தில் விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி, மனைவியோடு திரைமுன் நின்றார்.

"எவன் இவன், சரிவோட உழுது வச்சிருக்கான்? ஒரு மழைக்கு மண்ணு பூரா ஓடைக்குப் போயிருமே! குறுக்கால்ல உழணும்?"

"படந்தான, விடுங்க," என்றார் மனைவி.

"படம்னா மழை பெய்யாதாக்கும்?"

பார்வைக்கு அழகாக இருக்கட்டுமென்று உழவுசால்களை மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறக்கியவள் நான்தான். டவுனில் கடை வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. மண் ஓடும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "யாரு காடு தாயி இது?"

"என் காடுதாங்கய்யா," என்றேன்.

கால்மணி நேரம் திட்டினார். தலையாட்டிக்கொண்டே கேட்டேன். அந்தப் படத்துக்கு நான்தான் பொறுப்பு என்று அன்று எனக்குச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.