தடியனுக்கு வைத்த ஒரு வாய்

மீன் ஏற்றுமதிக் கொட்டகையில் அவளை எல்லோரும் முடிச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தொட்டி மீன்களைப் பாலிதீன் பையில் விட்டு, ஒரு பங்கு தண்ணீருக்கு மேல் இரண்டு பங்கு ஆக்சிஜன் பிடித்து, கழுத்தை முறுக்கி மடித்து ரப்பர் பேண்ட் போடுவது அவள் வேலை. அவள் போட்ட முடிச்சு வழியில் அவிழ்ந்ததாக இதுவரை ஒரு புகார் வந்ததில்லை. "அக்கா கட்டின பையைத் திறக்கணும்னா வக்கீல் வெச்சுத்தான் வாதாடணும்" என்று ஆக்சிஜன் பிடிப்பவர் கேலி செய்வார். பையின் அடிமூலைகளைத் தனியாக இழுத்துக் கட்டிவிடுவாள். சின்ன மீன்கள் அதற்குள் போய் நசுங்கிவிடக் கூடாதாம். தெர்மாகோல் பெட்டியை மூடும் முன், "பத்திரமா போய்ச் சேருங்கடி" என்று சொல்லாவிட்டால் அவளுக்கு மனசு ஆறாது.

ஊர் மீனையெல்லாம் பத்திரமாக அனுப்பிவைத்தவளுக்கு, பெற்ற மகளை மட்டும் அப்படி அனுப்பக் கொடுத்துவைக்கவில்லை.

தனக்குப் பிடித்தவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று மகள் சொன்ன அன்று, அப்பாவுக்கும் மகளுக்கும் வார்த்தை தடித்தது. பரிமாறிய சாப்பாடு தட்டிலேயே காய, அவள் துணிப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். முடிச்சக்காவின் கணவர் தையல்காரர். அன்றிலிருந்து மகள் பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். போனில் அவள் குரல் கேட்டால் போதும், முன்னறையில் தையல் மிஷினை மிதிக்கத் தொடங்கிவிடுவார். எட்டிப் பார்த்தால் ஊசிக்குக் கீழே துணியே இருக்காது.

மகள் விட்டுப்போன சொத்து தடியன் ஒருவன்தான். கொட்டகையில் நோஞ்சான் என்று கழித்துப்போட்ட தங்கமீன் குஞ்சு. பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோது அவள் வளர்த்த வளர்ப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் பெருத்திருந்தது. இப்போது அவளே பிள்ளைத்தாய்ச்சி. "பகல் பூரா தனியா இருக்கேம்மா. தடியனையாவது அனுப்பி வையேன்" என்று அவள் போனில் கேட்டாள். அந்த மீன் உயிரோடு போய்ச் சேர வேண்டும். பிறந்த வீட்டிலிருந்து மகளுக்குப் போக அது ஒன்றுதான் இருந்தது.

கணவரிடம் சொன்னாள். "அனுப்பு. எனக்கென்ன" என்றார், தலைநிமிராமல்.

தடியனை முந்தின நாளிலிருந்தே பட்டினி போட்டாள். தொழிலில் அதுதான் முதல் பாடம். தின்ற மீன் பைக்குள் கழியும்; கழிந்த தண்ணீரே அதற்கு விஷமாகும். தொட்டிப் பக்கம் யார் போனாலும் தடியன் கண்ணாடியில் வாயை ஒட்டிவைத்துக்கொண்டு பார்த்த பார்வையில் அவளுக்கே கை துறுதுறுத்தது. மனசைக் கல்லாக்கிக்கொண்டாள்.

காலையில் ரயில் பார்சலில் போட வேண்டும். தடியனை அள்ளிப் பையில் விட்டவள் பையின் கழுத்தை முறுக்கப்போனபோது கை நின்றுவிட்டது. அவன் வாலுக்குப் பின்னால் நூல் மாதிரி கழிவு நீளமாகத் தொங்கியது. புதிதாகத் தின்றது. தண்ணீர் அதற்குள் கலங்கத் தொடங்கியிருந்தது.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். முடிச்சக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"தெரிஞ்சுதானே இரை போட்டீங்க? இத்தனை வருஷம் என்கூடக் குடித்தனம் பண்ணிட்டுத் தெரியாதுன்னு சொல்லாதீங்க. அவ மேல உள்ள ஆத்திரத்தை இந்த வாயில்லா ஜீவன்கிட்டயா காட்டணும்?"

தையல்காரர் மிஷினை மிதிக்கவில்லை. கையிலிருந்த அளவு நாடாவைச் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

"ஆத்திரம் இல்ல" என்றார். "அவதான் அன்னிக்கு ஒரு வாய் சாப்பிடாமப் போனா. இவனையும் வெறும் வயித்தோட அனுப்ப மனசு வரலை."

முடிச்சக்கா பையோடு உள்ளே போனாள். கண்ணில் முட்டியதை உள்ளே தள்ளிவிட்டு, தடியனை மூடிபோட்ட வாளிக்கு மாற்றினாள். பேட்டரியில் ஓடும் காற்றுக் குழாயை உள்ளே இறக்கினாள். தொட்டித் தண்ணீரை இரண்டு கேன்களில் பிடித்து அவர் காலடியில் வைத்தாள்.

"இனிமே இவன் பார்சல்ல போக முடியாது. யாராவது கூடவே போய், கலங்கினா பாதித் தண்ணியை வடிச்சுட்டு இதை ஊத்தணும். எனக்கு லீவு கிடையாது. போட்டது நீங்க. நீங்களே கொண்டுபோய் விடுங்க."

இன்னொரு நாள் பட்டினி போட்டிருந்தால் தடியன் மற்ற மீன்களைப் போலப் பையிலேயே போயிருப்பான். அதை அவள் சொல்லவில்லை. முடிச்சக்காவின் புருஷனுக்கு அது தெரியாமல் இருக்காது. அவரும் சொல்லவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு வாளியையும் கேன்களையும் தூக்கினார். அலமாரிக்கு அடியிலிருந்து, என்றைக்கோ தைத்து மடித்துவைத்திருந்த குழந்தைச் சட்டைகளின் பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவள் பார்க்காத மாதிரி வாசலைக் கடந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் போன் வந்தது.

"அம்மா, தடியன் நல்லா இருக்கான். ஓசியில டூர் வந்தவன் மாதிரி சுத்திச் சுத்திப் பார்க்கிறான்" என்றாள் மகள். "இன்னிக்கு அவனுக்கு ஒண்ணும் போடக் கூடாதாம். அப்பா சொல்றார்."

"அப்பா சாப்பிட்டாரா?"

"ஒரே தட்டுலதாம்மா சாப்பிட்டுட்டு இருக்கோம்."

முடிச்சக்கா போனை வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி வெளியே துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அழுவது கேட்டுவிட்டால் என்ன ஏது என்று வந்து நிற்பாள். முன்னறைக்குப் போய்க் கணவரின் மிஷின் முன்னால் உட்கார்ந்து மிதித்தாள். மிஷின் கடகடவென்று ஓடியது. ஊசிக்குக் கீழே துணி இல்லை.