வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த கழுதை

எனக்கு நினைவு தெரிந்து எங்கள் வீட்டில் நடந்த முதல் கல்யாணம் ராசாத்தியின் கல்யாணம்தான். பந்தல் இருந்தது, மேளம் இருந்தது, அண்டா நிறையச் சர்க்கரைப் பொங்கல் இருந்தது. ஊரே திரண்டு வந்தது. இதுவரைக்கும் சொன்னால் எல்லோரும் தலையாட்டிக் கேட்பார்கள். ராசாத்தி ஒரு கழுதை என்று சொன்ன பிறகுதான் என் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் வீடு வேங்கிக்காலில், ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. இன்றைக்கு அந்தப் பக்கமெல்லாம் ஆபீஸும் மாடி வீடுகளுமாக ஆகிவிட்டது. அன்றைக்கு ஒரு கூரை வீடு, ஒரு கொட்டகை, துணி காயப்போடும் கயிறுகள், அவ்வளவுதான். துணி வெளுப்பது எங்கள் தொழில். வீட்டில் நைனா, அம்மா, நான், நைனாவின் தங்கையான என் அத்தை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். இவர்களோடு நான்கு கழுதைகளும் ஒரு டஜன் கோழிகளும். இதில் யார் யாருக்கு அடங்கியவர் என்பது கடைசிவரை முடிவாகவில்லை. கோழிகளுக்கு மட்டும் அதில் சந்தேகமே இருந்ததில்லை.

எனக்குப் பொழுது விடிவது கோழிக்கூடையில்தான். ராத்திரி கவிழ்த்து வைத்த பெரிய மூங்கில் கூடைக்குள் கோழிகள் கொக்கரிக்கத் தொடங்கும். நான் பாயில் கிடந்தபடியே, "அத்த, கோழியத் தொறந்து வுடு" என்று கத்துவேன். "ஏன், மகாராணி எழுந்து வந்தா இன்னா?" என்று அத்தை பதிலுக்குக் கத்துவாள். ஆனால் அவள்தான் வந்து கூடையைத் தூக்குவாள். நான் இன்னொரு தூக்கம் போடுவேன். வீட்டில் இருந்த சுகங்களிலேயே பெரிய சுகம் அது.

கோழிகள் நேராகக் கொட்டகைக்குத்தான் ஓடும். கழுதைகளின் காலடியில் கிளறும், தீனித் தொட்டியில் ஏறும். தலையில் கொண்டையோடு ஒரு கோழி இருந்தது, கொண்டைச்சி என்று பெயர். அது ராசாத்தியின் முதுகில் ஏறி உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கும். மற்ற கழுதைகள் உதறிவிடும். ராசாத்தி மட்டும் அசையாமல் நிற்பாள். முட்டை தேடுவது என் வேலை. அழுக்குத் துணி மூட்டையை விட்டால் முட்டையிட வேறு இடம் கிடையாது என்பது எங்கள் கோழிகளின் எண்ணம். ஒரு முறை வாத்தியார் வீட்டு மூட்டையில் மூன்று முட்டை இருந்தது தெரியாமல் நைனா அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். அந்த வேட்டியை வெளுப்பதற்குள் அம்மாவுக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

வெளியே கிளம்பும்போது கழுதையைப் பார்த்தால் யோகம் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. பஸ் ஏறப் போகிறவர்கள், பெண் பார்க்கப் போகிறவர்கள், பரீட்சைக்குப் போகிறவர்கள் எல்லோரும் எங்கள் வாசல் படலண்டை ஒரு நிமிஷம் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். தினமும் நான்கு கழுதைகளின் முகத்தில் விழித்த எனக்கு மட்டும் இரண்டாம் வகுப்புக் கணக்கில் பூஜ்யம்தான் வந்தது. இதை யாரிடம் போய்க் கேட்பது?

அந்த வருஷம் ஆவணி போய்ப் புரட்டாசி வந்தும் மழை இல்லை. ஏரி பாளம் பாளமாக வெடித்துவிட்டது. பம்புசெட் வைத்திருப்பவர்களிடம் கெஞ்சி, அவர்கள் பாய்ச்சியது போக மிஞ்சிய தண்ணீரில் துவைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் வந்தார்கள். கழுதைக்குக் கல்யாணம் பண்ணினால் மழை வரும், பெண் உங்கள் வீட்டு ராசாத்தி என்றார்கள். நைனாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மாப்பிள்ளை விஷயத்தில்தான் சிக்கல். எங்களிடம் இருந்த மற்ற மூன்று கழுதைகளில் ஒன்று அவளுக்கு அண்ணன், ஒன்று சித்தப்பா முறை, மூன்றாவது பல் போன கிழம்.

"முறை தப்பிக் கட்டி வெச்சா வர்ற மழையும் வராம பூடும்" என்றார் ஒரு பெரியவர், ரொம்பக் கவலையாக.

மாப்பிள்ளை, எங்கள் ஊர் கும்பிடுகிற மலைக்கு அந்தப் பக்கம், அடி அண்ணாமலையில் கிடைத்தது. எங்களுக்குத் தூரத்து உறவு, எங்களைப் போலவே துணி வெளுக்கிறவர்கள். ஓர் அம்மாவும் அவருடைய மகனும்தான் அந்த வீட்டில். தாம்பூலத் தட்டோடு முறைப்படி பெண் பார்க்க வந்தார்கள். ராசாத்தியை நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அத்தை சிரிப்பை அடக்க முடியாமல் எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள். நான் அந்த அம்மாவிடம், "கல்யாணம் ஆனப்புறமும் ராசாத்தி இங்கதான இருப்பா?" என்று கேட்டேன்.

"அதெப்படி? கல்யாணம் ஆனா புருஷன் வூட்டுக்குத்தான வரணும்" என்று அவர் என் கன்னத்தைக் கிள்ளினார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. அடுத்த தெருவில் ஓர் அக்கா கல்யாணம் முடிந்து மாட்டு வண்டியில் போனவள், பொங்கலுக்குத்தான் திரும்பி வந்தாள், அதுவும் இரண்டே நாள். கல்யாணம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நைனாவிடம் கேட்டேன். அவரும் விளையாட்டாக, "பொண்ணுன்னா போய்த்தான ஆவணும்" என்றார். அன்றைக்கு நான் சோறு சாப்பிடவில்லை. அத்தைதான் என்னை இழுத்து உட்காரவைத்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு, "அழுவாத. ராசாத்தி எங்கயும் போவ மாட்டா. நான் கீறேன் இல்ல?" என்றாள். நான் நம்பவில்லை. பெரியவர்கள் ஊசி போடும்போதும் வலிக்காது என்றுதான் சொல்கிறார்கள்.

கல்யாணத்தன்று காலையில் அத்தை ராசாத்தியை மஞ்சள் பூசிக் குளிப்பாட்டினாள். கல்யாணப் பெண்ணுக்குப் புடவை வேண்டுமே. மூட்டைகளில் ஊர்ப் புடவை ஐம்பது கிடந்தது. அடுத்தவர் துணியை எடுத்துக் கழுதைக்குச் சுற்றக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அத்தை தன்னிடம் இருந்த ஒரே நல்ல புடவையை, பச்சை நிறத்தில் அரக்குக் கரை போட்டதை, எடுத்து வந்து கட்டினாள். கனகாம்பரம் சுற்றினாள். நெற்றியில் பொட்டு வைத்தாள். சும்மா சொல்லக் கூடாது, ராசாத்தி அழகாக இருந்தாள்.

அத்தை முகம் கழுவப் போன நேரம் பார்த்து நான் கயிற்றை அவிழ்த்தேன். ஏரிக்கு அந்தப் பக்கம் வறண்ட கால்வாய் ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் வேலிக்காத்தான் முள் மண்டிக்கிடக்கும். அதற்குள் அவளை ஓட்டிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டேன். கொண்டைச்சியும் ராசாத்தியின் முதுகில் ஏறிக்கொண்டு கூடவே வந்தது. எவ்வளவு விரட்டியும் இறங்கவில்லை.

மேளம் கேட்டது. பிறகு மேளம் நின்றது. என் பெயரைச் சொல்லி அம்மா கத்துவது கேட்டது. சர்க்கரைப் பொங்கலுக்கு வைத்திருந்ததிலிருந்து நான் எடுத்து வந்த வெல்லத்தை ராசாத்தியின் வாயில் திணித்துக்கொண்டே இருந்தேன். வாயில் வெல்லம் இருந்தால் கத்த மாட்டாள் என்று கணக்கு. என் கணக்குகள் எப்போதும் சரியாக வருவதில்லை. தூரத்தில் மாப்பிள்ளைக் கழுதை ஒரு குரல் கொடுத்தது. அவ்வளவுதான், இவள் வெல்லத்தைத் துப்பிவிட்டு மலை வரைக்கும் கேட்கிற மாதிரி பதில் சொன்னாள்.

புதரை விலக்கிக்கொண்டு வந்தவர் அந்த மாப்பிள்ளை வீட்டு மகன். தனியாக வந்திருந்தார். என்னைப் பார்த்தார், புடவை கட்டிய கழுதையைப் பார்த்தார், அதன்மேல் உட்கார்ந்திருந்த கோழியைப் பார்த்தார். சிரிக்கவே இல்லை. எனக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "பொண்ணு வூட்டுப் பெரிய மனுஷி இங்கதான் கீறீங்களா?" என்றார்.

"ராசாத்திய அனுப்ப மாட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். "நாயம்தான். அவ வர வேணாம். எங்க ஆளு உங்க வூட்டுக்கு வூட்டோட மாப்பிள்ளையா வந்துடட்டும். சம்மதமா?"

இப்படி ஒரு வழி இருப்பதை எனக்கு யாருமே சொல்லவில்லை. ஆனாலும் நான் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "கொண்டைச்சி முதுகுல ஏறுனா ஒதைக்கக் கூடாது" என்றேன்.

"சொல்லி வெக்கிறேன்."

"சத்தியமா?"

அவர் எழுந்து நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டு, சத்தியம் என்றார். மலையைப் பார்த்துச் சொன்ன சத்தியத்தை எங்கள் ஊரில் யாரும் மீற மாட்டார்கள். நான் கயிற்றை அவர் கையில் கொடுத்தேன்.

பிள்ளையார் கோயில் எதிரே, அரசமரத்தடியில் தாலி கட்டியாயிற்று. ஊரே அட்சதை போட்டது. மாப்பிள்ளை அட்சதையைத் தின்று முடித்துவிட்டுப் பெண்ணின் முந்தானையைக் கடித்து மெல்ல ஆரம்பித்தது. பிடுங்குவதற்குள் ஒரு சாண் கிழிந்துவிட்டது. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள், ஆனால் அவள் முகம் வாடிப்போனதை நான் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டு மகனும் பார்த்திருக்க வேண்டும். அது யாருடைய புடவை என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். சொன்னேன். "எங்க ஆளு செஞ்ச தப்பு, நாங்களே சரி பண்ணித் தர்றோம்" என்று புடவையை மடித்து எடுத்துக்கொண்டார். கழுதையை எங்கள் கொட்டகையில் விட்டுவிட்டார். நைனா வாயைப் பிளந்தார். "பாப்பாகிட்ட பேசி முடிச்சது" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் சைக்கிள் ஏறினார். அந்த அம்மா வழியெல்லாம் மகனைத் திட்டிக்கொண்டே போனதாகக் கேள்வி.

ஐந்தாம் நாள் புடவை வந்தது. துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, நியூஸ் பேப்பரில் சுற்றி வந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊருக்கே வெளுத்துக் கொடுக்கிற வீட்டுக்கு ஒருவர் வெளுத்துக் கொண்டுவருவதா? எங்களுக்கு என்ன, தெரியாதா? அம்மா புடவையை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கிழிந்த இடத்தில் அதே பச்சையில் இழை ஓட்டியிருந்தது. தடவிப் பார்த்தால்தான் தெரியும். மடிப்பைப் பார்த்தாள், கரையைத் திருப்பிப் பார்த்தாள். "கையில தொழில் கீது" என்றாள். பிறகு அத்தையைப் பார்த்தாள். அத்தை கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோராம் நாள் மத்தியானம் மழை வந்தது. சாதாரண மழையா அது! கொட்டியது. கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை வாரிக்கொண்டு அம்மாவும் அத்தையும் விழுந்து எழுந்து ஓட, ஐந்து கழுதைகளும் ஒன்றாகக் கத்த, கோழிகள் நனைந்து பாதியாகச் சுருங்கிப்போய் நிற்க, நைனா நடு வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். அவ்வளவு சந்தோஷத்தை எங்கள் வீடு அதற்கு முன்னால் பார்த்ததில்லை. நான் ராசாத்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சேற்றில் குதித்தேன்.

அதன் பிறகு அந்த அடி அண்ணாமலைக்காரர் வாராவாரம் வந்தார், மாப்பிள்ளைக் கழுதை சௌக்கியமா என்று பார்க்க. எனக்கு அது நியாயமாகவே பட்டது. கழுதையைப் பார்க்க இரண்டு நிமிஷம் ஆகும். மீதி நேரம் கோழி வளர்ப்பது பற்றிக் கேட்பார். அவருக்குக் கோழி வளர்க்க ஆசையாம். அடைக்கு எத்தனை முட்டை வைக்க வேண்டும், எத்தனை நாளில் பொரிக்கும் என்று அத்தை பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பாள். அடுத்த வாரம் வந்து அதையே முதலிலிருந்து கேட்பார். கழுதை கிழித்த புடவைக்கு இழை ஓட்டத் தெரிந்தவருக்கு, இது ஏன் மண்டையில் ஏறவில்லை என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது. ஒருமுறை அத்தைக்குச் சிரமம் வேண்டாம் என்று நானே முந்திக்கொண்டு, "பன்னெண்டு முட்டை, இருபத்தோரு நாளு" என்று கத்தினேன். அவர் முகம் சப்பென்று ஆகிவிட்டது. அத்தை என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

தையில் அத்தைக்கும் அவருக்கும் கல்யாணம். எனக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டோடு மாப்பிள்ளை என்று நான் ஏற்கெனவே பேசி முடித்த சம்பந்தம்தானே. கழுதைக்கு ஒரு பேச்சு, மனுஷருக்கு ஒரு பேச்சா இருக்கும்? அத்தை பச்சைப் புடவையைப் பெட்டியில் வைத்தபோதுகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கொண்டைச்சியைச் சின்னக் கூடையில் போட்டு வண்டியில் ஏற்றியபோது, சரி, அங்கே கோழி வளர்த்துக் காட்டிவிட்டு அத்தையும் அவரும் வந்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

என் கவலையெல்லாம் கொட்டகையில்தான். இந்தச் சந்தடியில் அந்த அம்மா பேச்சு மாறி ராசாத்தியை ஓட்டிக்கொண்டு போய்விட்டால்? வண்டி புறப்படுகிற நேரத்தில் நான் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு காவல் நின்றேன். அத்தை என்னைத் தேடிக்கொண்டு அங்கேயே வந்தாள். என்னையும் ராசாத்தியையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். அவள் கழுத்து மாலை என் மூக்கில் குத்தியது.

"அழுவாத அத்த" என்றேன். "ராசாத்திய யாரும் இட்டுனு போவல, பாரு. நான் கீறேன் இல்ல?"

அத்தை அழுகையோடு சிரித்தாள். பின்னால் நின்றிருந்த அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மலையைப் பார்த்தார். செய்த சத்தியம் ஞாபகம் இருக்கிறது போல என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. வண்டி போனதும் கழுதைகளை எண்ணினேன். ஐந்தும் இருந்தன. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தோடு தூங்கினேன்.

மறுநாள் விடிந்தது. கூடைக்குள் கோழிகள் கத்தின.

"அத்த, கோழியத் தொறந்து வுடு" என்றேன், பாயில் கிடந்தபடியே.

கோழிகள் இன்னும் பலமாகக் கத்தின. கொட்டகையில் ராசாத்தி ஒருமுறை கத்தி ஓய்ந்தாள். அடுப்படியில் அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய்த் திறந்திருக்கலாம். அத்தை வந்து திறக்கட்டும் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டு திரும்பிப் படுத்தேன்.