புறங்கையால் தொடுகிறவர்

எங்கள் இறால் குளத்தில் தண்ணீரை அடித்துக் காற்றூட்டும் சக்கரங்களின் மோட்டரைத் திருத்த, கனமூலை என்ற ஊரிலிருந்து ஒருவர் வருவார். அண்ணன் முறையில் அவரை 'நானா' என்று அழைப்பேன். மெலிந்த மனிதர். வலது உள்ளங்கையில் பழைய தீக்காயம். எந்த மோட்டரையும் புறங்கையால்தான் தொடுவார். உள்ளங்கையால் தொட்டால் கரண்ட் விரல்களை மடக்கிப் பிடித்துக்கொள்ளுமாம்.

அவர் வந்திருந்த ஒரு மாலை வோல்டேஜ் விழுந்து, நான்கு சக்கரங்களும் தளர்ந்து சுற்றின.

"ரெண்ட நிப்பாட்டுங்க தம்பி."

"வோல்டேஜ் குறைஞ்சா கரண்டும் குறையுந்தானே, நானா?"

"பல்புக்கு அப்படித்தான். மோட்டர் அதே தண்ணிய அடிக்கணுமே. வோல்டேஜ் குறைஞ்சா கரண்ட கூட இழுக்கும், சூடாகி எரியும். ரெண்ட நிப்பாட்டினா லைன்ல வோல்டேஜ் கொஞ்சம் ஏறும். மத்த ரெண்டும் தப்பும்."

"இறாலுக்கு மூச்சு முட்டுமே?"

"பாதி சாகும். நாலும் எரிஞ்சா முழுக்கச் சாகும்."

ஓம் என்று தலையாட்டினேன். எந்தப் பாதியையும் சாகவிட மனம் வரவில்லை. அவர் போனதும் நான்கையும் ஓடவிட்டேன்.

விடிந்தபோது நான்கும் கருகி நின்றன. கரையோரமெல்லாம் இறால் செத்துக் கிடந்தது.

அழைத்ததும் வந்தார். மெயினை அணைத்துவிட்டு ஒவ்வொரு மோட்டராகப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். கடைசி மோட்டரில் மட்டும் உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.