இருபதுக்கு ஒன்று குறைவு

“எண்ணெய் போட்டீங்களா?”

பிஸ்கட் டப்பாவை மேசைமேல் வைக்கக்கூட விடவில்லை. வாங்க, உட்காருங்க என்பதெல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் வந்த பிறகுதான்.

“இல்லக்கா” என்றார் மாதிரி ரயில் கிளப்பின் செயலாளர்.

அக்கா மூடியைத் திறந்து, உள்ளங்கை நீளமே இருந்த எஞ்சினை வெளியே எடுத்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

“சத்தியமா இல்ல?”

“ஒரே ஒரு சொட்டு.”

“ஒரு சொட்டா? குளிப்பாட்டியே விட்டிருக்கீங்க.”

“கிறீச்சு கிறீச்சுன்னு கத்திச்சு. பாவமா இருந்துச்சுக்கா.”

“பாவமா இருந்தா தடவிக் கொடுங்க. பிடிமானம் இல்லாம வழுக்கித்தானே பெல்ட் கத்துது? அதுமேல எண்ணெயையும் ஊத்தினா அது எதைப் பிடிச்சுக்கும், உங்க கையையா?”

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். “இது என் எஞ்சின் இல்ல. நம்ம பொறியாளரோடது. அவரே சொந்தக் கையால செஞ்சது. கண்காட்சிக்கு எட்டு நாள்தான் இருக்கு. கம்பெனி பெல்ட் ரெண்டு மாத்திப் பார்த்துட்டார், அரைமணி நேரம் தாங்கல. நான்தான் உங்க பேரைச் சொன்னேன். எண்ணெய் விஷயத்தை மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க.”

“சரி, ஓடினா எனக்கு என்ன கிடைக்கும்?”

“எட்டு மணி நேர ஓட்டத்துல நிக்காம ஓடிடுச்சுன்னா, கிளப்போட நாற்பத்தோரு எஞ்சினும் உங்க பொறுப்பு. கிளப் அறையில ஜன்னல் பக்கம் உங்களுக்குன்னு ஒரு மேசை.”

“மேசையில பேர் எழுதுவாங்களா?”

“எழுதச் சொல்றேன்.”

“அப்ப உட்காருங்க. டீ குடிக்கிறீங்களா?”

கிளப்பில் எல்லோருக்கும் அவர் பெல்ட் அக்கா. பகலில் செயற்கைப் பல் செய்யும் ஒரு கூடத்தில் வேலை. பிறர் வாய்க்குப் பொருந்தும் பற்களை இருபத்திரண்டு வருடங்களாகச் செய்து அனுப்பிக்கொண்டிருக்கிறார். அது குறையில்லாத வேலை. அவருக்குத்தான் ஒரு குறை. “பல்லு செஞ்சவ பேரைச் சொல்லி எவனாவது சிரிச்சிருக்கானா? சிரிப்பெல்லாம் அவன் கணக்குல போயிடும். வலிச்சா மட்டும் எனக்குப் போன் வரும்.”

பெல்ட் வேலை சனி, ஞாயிறுகளில். மோட்டாரின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோவது மோதிரம்போன்ற ஒரு ரப்பர் வளையம். நூலைவிடச் சற்றுத் தடிப்பான இழை. மோட்டாரிலும் அச்சிலும் பள்ளம் வெட்டிய இரண்டு சிறு உருளைகளில், அதாவது புல்லிகளில், மாட்டியிருக்கும். சில வருடங்களில் அது காய்ந்து வெடிக்கும், இல்லையென்றால் பிசின்போல் குழையும். பெரிய கடைகளில் எஞ்சினையே மாற்றச் சொல்வார்கள். அக்கா வளையத்தை மாற்றுவார்.

இடம் சாப்பாட்டு மேசைதான். அக்கா இருப்பது அண்ணன் குடும்பத்தோடு. விளிம்பு உயர்ந்த வெள்ளைத் தட்டு ஒன்றின்மேல் மட்டுமே எஞ்சினைத் திறப்பார். கடுகளவு திருகாணி விழுந்தாலும் ஓடித் தப்ப முடியாது. பல் கூடத்தில் தேய்ந்து கழித்த கொக்கிகள், நுனி வளைத்த தையல் ஊசி, ஸ்பிரிட், பஞ்சு, குழந்தைப் பவுடர். சாப்பாட்டுத் தட்டுகள் வந்துவிட்டால் எல்லாவற்றையும் அள்ளிக் கட்டிலுக்கடியில் தள்ள வேண்டும். “போன வாரம் என் குழம்புல ஸ்க்ரூ” என்பார் அண்ணன். “இரும்புச் சத்து. உனக்குக் குறைவுன்னு டாக்டர் சொன்னாரே” என்பார் தங்கை. ஆனாலும் ஒவ்வொரு முறை அள்ளும்போதும் ஏதோ ஒன்று இடம் மாறும். அதனால்தான் அந்த ஜன்னலோர மேசை அவருக்கு அவ்வளவு பெரிய விஷயம்.

அவருடைய மூக்குக்கண்ணாடியின் வலது காம்பில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் சுற்றிக் கிடக்கும். புதிதாக வருபவர்கள் கண்ணாடி உடைந்து கட்டியிருப்பதாக நினைப்பார்கள். கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்.

ஐந்து வருடங்களுக்கு முன்பு முதன்முதலாகக் கிளப்பிலிருந்து பன்னிரண்டு எஞ்சின்கள் வந்தன. ஒரு பழைய பெல்ட்டைக் கழற்றி, அளந்து, அதே அளவில் பன்னிரண்டு புதிய பெல்ட்கள் வெட்டி மாட்டினார். கிளப் கூடம் நிறைய ஆட்கள். சுவிட்சைப் போட்டதும் பன்னிரண்டு மோட்டார்களும் வண்டுபோல ரீங்கரித்தன. ஒரு சக்கரம்கூட அசையவில்லை. முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, “எல்லாம் யோசிக்குது” என்றாள். கூடமே சிரித்தது.

“பல வருஷம் இழுபட்டு நீண்டு போன பெல்ட் அது. அதைப் போய் நான் அளவு கேட்டிருக்கேன்” என்பார் அக்கா. “பழைய பெல்ட் பொய் சொல்லும். புல்லியைக் கேளு, புல்லி சொல்லும்.”

அன்றிலிருந்து அந்தப் பொய்க்காரப் பெல்ட் கண்ணாடிக் காம்பில் இருக்கிறது. அளப்பதற்குப் பருத்தி நூல்தான். இரண்டு புல்லிகளையும் சுற்றி நூலை விட்டு, இழுக்காமல் குறித்துக்கொள்வார். வந்த நீளத்தில் இருபதுக்கு ஒன்று குறைப்பார். அறுபது மில்லிமீட்டர் என்றால் ஐம்பத்தேழு. அதற்கு மேல் குறைத்தால் பெல்ட் இறுகி மோட்டார் சூடேறும். குறைக்காவிட்டால் யோசிக்கும்.

பொறியாளரின் எஞ்சினை முதலில் பஞ்சும் ஸ்பிரிட்டுமாகத் துடைத்தார். செயலாளரின் ஒரு சொட்டைத் துடைத்தெடுக்க ஒரு முழுச் சனிக்கிழமை போயிற்று. புல்லியின் பள்ளத்தை விரல் நுனியால் தொட்டு, அந்த விரலைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து, எண்ணெய்த் தடம் விழாமல் போகும்வரை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரப்பர் இழையைப் புதிய பிளேடால் சாய்வாக வெட்டினார். நேராக வெட்டி ஒட்டினால் மூட்டு ஒவ்வொரு சுற்றிலும் துள்ளும். ஊசி முனையில் தொட்ட பசை. ஒட்டிய பிறகு ஒரு நாள் முழுக்க யாரும் தொடக்கூடாது. அன்று அண்ணன் குடும்பம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது. பிறகு வளைந்த ஊசியால் மாட்டி, தீக்குச்சியால் நடுவில் அழுத்தினார். கடுகளவு அமுங்கியது.

“ம்” என்றார். அவர் தனக்கே தந்துகொள்ளும் அதிகபட்சப் பாராட்டு அது.

கண்காட்சிக்கு முந்தைய நாள் பொறியாளர் வந்தார். மெலிந்த, மரியாதையான மனிதர். அவருக்குத் தமிழ் தெரியாது. அக்காவுக்கு அவர் மொழி தெரியாது. நடுவில் அண்ணன் மகள். இரண்டு மொழியிலும் படித்தவள், ஓர் அலுவலகத்தில் கடிதங்கள் மொழிபெயர்ப்பவள். யார் மனமும் நோகக் கூடாது என்பதற்காகவே குறைவாகப் பேசுபவள்.

எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டார் பொறியாளர்.

“எட்டு மணி நேரமும் ஓடும்” என்றார் அக்கா. “நடுவுல நின்னா, அது என் பெல்ட்டால இருக்காது. அப்படியே சொல்லு.”

அப்படியே சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. அவர் தலை நரைத்தவர். அந்த எஞ்சினை அவரே செய்தவர். அத்தை தன்னால் முடிந்ததைச் செய்திருப்பதாகவும், ஓடும் என்று நம்புவதாகவும் அவர் மொழியில் சொல்லிவைத்தாள். பொறியாளர் கனிவோடு தலையசைத்தார்.

“என்னடீ, என்னைப் பார்த்துப் பரிதாபப்படுறாரு?” என்றார் அக்கா. அவள் டீ போடப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஒன்பதுக்கு ஓட்டம் தொடங்கியது. நீள்வட்டத் தண்டவாளம், ஆறு பெட்டிகள். பக்கத் தண்டவாளத்தில் இன்னொரு எஞ்சின் தயாராக நின்றது. “அது எதுக்கு?” என்று அக்கா கேட்டார். செயலாளருக்குத் தெரியவில்லை. பொறியாளர் காலையில் கொண்டுவந்து வைத்தாராம். விதி ஒன்றே ஒன்றுதான்: ஓடும் எஞ்சினைத் தண்டவாளத்திலிருந்து கையால் தூக்கினால், அதன் ஓட்டம் முடிந்தது.

மதியம் மூன்றே காலுக்கு எஞ்சின் நின்றது.

கூட்டம் “அய்யோ” என்றது. ஐந்து வருடத்துக்கு முந்தைய முகங்கள் சில அக்காவைத் திரும்பிப் பார்த்தன. பொறியாளர் வருத்தத்தோடு குனிந்து எஞ்சினை எடுக்கக் கையை நீட்டினார்.

அக்கா அதற்குள் தண்டவாளத்தின் அருகே காதைக் கொண்டுபோயிருந்தார். “கையை வைக்காதீங்க! மோட்டார் சத்தமே இல்ல. பெல்ட் போனா மோட்டார் கத்தும், சக்கரம்தான் சும்மா நிக்கும். இது கரண்டு வரல. சொல்லுடீ!”

பொறியாளரின் விரல்கள் எஞ்சினின் கூரைக்கு ஓர் அங்குலம் மேலே இருந்தன. அண்ணன் மகள் கத்தினாள். அவள் கத்தி வீட்டில்கூட யாரும் கேட்டதில்லை. தொடாதீர்கள், கோளாறு பெல்ட்டில் இல்லை, மின்சாரத்தில் இருக்கிறது: அத்தை சொன்னதை அதே சூட்டோடு அவர் மொழியில் கொட்டினாள். விரல்கள் நின்றன.

செயலாளர் மேசைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தார். யாருடைய காலோ பட்டு ஒரு கம்பி கழன்று தொங்கியது. திருகிச் செருகினார். ஆறு பெட்டிகளும் ஒருமுறை குலுங்கின. எஞ்சின் விட்ட இடத்திலிருந்து கிளம்பிப் போயிற்று.

ஐந்து மணிக்கு மணியடித்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. பொறியாளர் அதை நிறுத்தி, அடிமூடியைக் கழற்றி, பெல்ட்டின் மூட்டை லென்ஸால் தேடினார். கொஞ்ச நேரம் தேடினார். பிறகு நிமிர்ந்து அக்காவுக்கு முன்னால் வந்து நின்று ஏதோ சொன்னார். அண்ணன் மகளின் காதுமடல்கள் சிவந்தன.

“என்ன சொல்றாரு?”

அவள் தரையைப் பார்த்தபடி, ஒரு வார்த்தைகூட விடாமல் சொன்னாள். “ஒட்டின இடமே தெரியலன்னு சொல்றார். முதல்ல, உங்களுக்கே இந்த பெல்ட் மேல நம்பிக்கை குறைவுன்னு கேட்டதும் பயந்துட்டாராம். அதனாலதான் இன்னொரு எஞ்சினை வச்சாராம், மன்னிக்கணுமாம். மேசையில உங்க பேருக்குக் கீழே என்ன எழுதணும்னு கேட்கிறார்.”

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத் தண்டவாளத்தில் நின்ற எஞ்சினைப் பார்த்தார். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். அக்கா கண்ணாடியைக் கழற்றினார். காம்பில் ஐந்து வருடமாகக் கிடந்த கறுப்பு வளையத்தை நகத்தால் நெம்பி உருவி, அவள் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்து, அதில் இரண்டு சுற்றுச் சுற்றி, திரும்பப் பையிலேயே செருகினார்.

“இந்த வேலையை என்னைவிட நல்லாச் செய்ய இங்க ஆள் இல்லன்னு எழுதச் சொல்லு” என்றார். “கூட்டாதே, குறைக்காதே. நான் திமிரா சொன்னா, நீயும் திமிராவே சொல்லும்மா.”