தாய்மாமன் சீராக வந்த பெட்ரோல் டேங்க்

நாமக்கல்லில் லாரிகளுக்கு டீசல் டேங்க் கட்டுவதே என் வாழ்நாள் தொழில். ஆகவே, கார்ப் பந்தயம் ஓட்டும் என் மகள் தன் வண்டிக்கு ஒரு பெட்ரோல் டேங்க் வேண்டுமென்றபோது, அதை எந்தப் பொருளில் செய்வது என்று பல வாரங்கள் ஆராய்ந்தேன். அவள் வண்டியில் டேங்க் இருப்பது ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால். இரும்பு கனம், எவர்சில்வரும் கனத்தில் அதற்கு இளைத்ததன்று. அன்றியும், வண்டி மோதினால் எந்தத் தகடும் வெல்டு வைத்த இடத்தில் பிளக்கக்கூடும். பிளந்தால் பெட்ரோல் அவள்மீதுதான் கொட்டும். எனவே, நசுங்கினாலும் எளிதில் கிழியாத தடித்த ரப்பர்ப் பை உள்ளே, அதைத் தாங்க அலுமினியப் பெட்டி வெளியே என்று முடிவு செய்தேன். மகளும் இசைந்தாள்.

என் மனைவியின் அண்ணன் இசையவில்லை. அவர் சேலத்தில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருப்பவர்.

"ஏனுங்க மாப்ளை, சேலத்துல பொண்ணெடுத்துட்டு அலுமினியத்துல டேங்க் செய்வீங்களா? சோறாக்குற குண்டானுங்களா அது? எம் மருமவளுக்கு டேங்க் தாய்மாமன் சீருங்க. நீங்க பேசாம இருங்க."

"மச்சான், சீர்னா சேலை எடுங்க, நகை போடுங்க. பெட்ரோலைச் சீர்ல சேக்காதீங்க" என்றேன்.

கேட்டாரில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, மஞ்சள் குங்குமம் பூசி, மாலை சூட்டி, உறவினர் புடைசூழ டேங்க் வந்து இறங்கியது. கண்ணாடிபோல் மின்னிய அதில் முகம் பார்த்துத் தலைவாரிக்கொண்டார்கள். நான் அருகில் சென்று பார்த்தேன். கல்யாணப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதுபோல, உளி வைத்துப் புள்ளி புள்ளியாகத் 'தாய்மாமன் சீர்' என்று வெட்டியிருந்தார்கள். இடம் போதாமல் கடைசி எழுத்து வெல்டின்மேலேயே ஏறியிருந்தது.

அண்டாவில் பெயர் வெட்டுங்கள், குடத்தில் வெட்டுங்கள்; பெட்ரோல் நிற்கும் தகட்டிலா உளியை இறக்குவது?

ஒழுக்கு இருக்கிறதா என்று காற்றடைத்துச் சோப்பு நுரை பூசிப் பார்க்காமல் எந்த டேங்கும் என் பட்டறையை விட்டு வெளியேறியதில்லை. இதற்கும் காற்றடைத்தேன்.

"சீர்ச் சாமானுக்குச் சோப்புத் தண்ணியா?" என்று மைத்துனர் சினந்தார். மகள் தானே பிரஷை எடுத்துப் பூசினாள். கடைசி எழுத்தில் குமிழி குமிழியாகக் காற்று வந்தது.

"அட, ஒரு எழுத்துதானுங்க! ஒரு பொட்டு வெல்டு வெச்சா அடங்கிப்போகுது."

"அந்த எழுத்துக்கு முன்னால உக்காரப்போறது உங்க மருமவ, மச்சான்!" என்று கத்தினேன்.

"ஊட்டுக்கு வந்த சீரைத் திருப்பினா எங்கண்ணன் மூஞ்சி என்னாகுங்க?" என்றாள் மனைவி. அண்ணனின் முகத்துக்குப் பரிந்து பேச அவ்வளவு பேர் இருந்தார்கள். என் பெண்ணின் முதுகுக்காகப் பேச ஒருவரும் இல்லை!

மகள் பிரஷைக் கீழே வைத்தாள். "மாமா, நீங்க வேணும்னா இதை வெச்சு ஓட்டுங்க. நான் எறங்கி நின்னு கை தட்டறனுங்க."

மைத்துனர் சாப்பிடாமலே போய்விட்டார். சீரை அவமதித்தவன் என்று உறவினர் இன்றும் என்னைத்தான் ஏசுகிறார்கள்.

பந்தயத்தன்று மைத்துனர் வந்திருந்தார். என்னைக் கடந்து நேரே மகளிடம் சென்று, வண்டியின் பின்புறத்தைத் தட்டிப் பார்த்தார்.

"ரப்பர்ப் பை நல்லா உக்காந்திருக்குதா சாமி?"

அதைத் தேர்ந்தெடுத்தவன் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டி கிளம்பியதும் அவர் பார்வையும் என் பார்வையும் அவள் முதுகுப் பக்கத்திலேயே இருந்தன.