ஐந்து கோப்பைக் கணக்கு

ஐந்து வயதிலேயே எனக்கு இருபது வரை எண்ணத் தெரியும் என்று வீட்டில் எல்லோருக்கும் பெருமை. எனக்கு அதைவிடப் பெருமை. இறுப்பிட்டிப் பள்ளிக்கூடத்தில் அரிவரி வகுப்பில் சேர்க்க அம்மா என்னைக் கூட்டிப்போன அன்றுதான் மானம் கப்பலேறியது. தலைமை வாத்தியார் மேசையில் புளியங்கொட்டைகளைக் கொட்டி, ஐந்து எடுத்துத் தரச் சொன்னார். நான் இருபது வரை ராகத்தோடு சொல்லி முடித்து, ஒரு பிடி அள்ளி அவர் கையில் வைத்தேன்.

"பிள்ளைக்குப் பாட்டுத்தான் தெரியுது, கணக்குத் தெரியேல்லை. ஒரு மாதத்தாலை கொண்டுவாங்கோ. அப்பவும் ஏலாதெண்டால் அடுத்த வருசம்தான்."

என் வயதுப் பக்கத்து வீட்டுக்காரி அன்றே சேர்ந்துவிட்டாள். அம்மா என் கையை இழுத்தபடி வீட்டுக்கு நடந்தார்.

என்னைக் கரையேற்றும் பொறுப்பை அம்மாவின் தங்கை எடுத்துக்கொண்டார். சட்டை தைத்துக் கொடுத்தபடி எங்களோடு இருந்த குஞ்சியம்மா அவர். ஒரு நாளாவது என்னை எண்ணச் சொன்னதில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு எனாமல் கோப்பைகளை, அதாவது சோற்றுத் தட்டுகளை, பாயின் முன்னால் ஆளுக்கொன்றாக வைக்கும் வேலையைத் தந்தார், அவ்வளவுதான். முதல் வாரம் ஐயாவுக்கு இரண்டு கோப்பை கிடைத்தது, சின்னண்ணைக்கு ஒன்றுமில்லை. அவர் பசியில் என்னை முறைத்தார்.

"ஆரும் சொல்லக்கூடாது. அவள் தானாப் பாக்கட்டும்" என்றார் குஞ்சியம்மா. சோறு ஆறினாலும் ஆறட்டும் என்று இருந்தார். பின்னாளில் நானே பாலர் வகுப்புக்குப் படிப்பித்தபோதும் அந்தப் பொறுமையில் பாதி எனக்கு வரவில்லை.

மூன்றாம் வாரம் பார்க்காமலே ஐந்து கோப்பை எடுத்தேன். ஒன்றைக் குஞ்சியம்மா ஒளித்தால் நாலு என்றேன்.

மாதம் முடியக் குஞ்சியம்மா என்னை வாத்தியாரிடம் கூட்டிப்போனார். வாத்தியார் ஐந்து கேட்டார், கொடுத்தேன். ஏழு கேட்டார், கொடுத்தேன். "வீட்டிலை எத்தினை பேரோ, அத்தினை கொட்டை வையும்" என்றார். ஐயா, அண்ணைமார் இருவர், குஞ்சியம்மா, நான் என்று ஐந்து வைத்தேன்.

"அம்மா எங்கை?"

"அவவுக்குக் கோப்பை இல்லை. அவ பிறகு குசினிக்கை அடுப்படியிலை இருந்து சட்டியிலை சாப்பிடுறவ."

வாத்தியார் குஞ்சியம்மாவைப் பார்த்தார். குஞ்சியம்மா நிலத்தைப் பார்த்தார். பிறகு வாத்தியார் மாணவர் இடாப்பில் என் பெயரை எழுதினார்.

பாராட்டுவார் என்று வழி முழுக்கக் காத்திருந்தேன். குஞ்சியம்மா எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். மத்தியானம் நான் ஐந்து கோப்பை வைத்ததும், அலுமாரியிலிருந்து விருந்தாளிகளுக்கான பூப்போட்ட கோப்பையை எடுத்து ஐயாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அக்கா, இருங்கோ. இண்டைக்கு நான் போடுறன்."

"எனக்கென்னத்துக்கு, நான் பிறகு..." என்று அம்மா இழுப்பதற்குள் சோறு விழுந்துவிட்டது. அம்மா கூச்சத்தோடு இருந்தார். முதல் பிடியைக் கையில் வைத்துக்கொண்டு, கண் கலங்கினார்.

நான் வைத்த கணக்குப் பிழைத்ததற்குத்தான் அம்மா அழுகிறார் என்று நினைத்தேன். அவர் மடியில் கைவைத்து, "இனிப் பிழை விடமாட்டன், அம்மா" என்றேன்.